இரவல் கொடுத்த எட்டாம் வகுப்பு

முன்னறையிலிருந்து அந்தக் கனைப்புச் சத்தம் கேட்டது. சளி பிடித்தவர் கனைக்கிற கனைப்பு இல்லை அது. சலசலத்துக் கிடக்கும் வகுப்பறை வாசலில் நின்று ஒருவர் கனைத்தால் உள்ளே அத்தனை பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொள்வார்களே, அந்தக் கனைப்பு. அடுப்படியில் சாளை மீனை உரசிக்கொண்டிருந்த ஞானபாக்கியத்தின் கை சட்டித் தண்ணீருக்குள் அப்படியே நின்றுபோனது. பதினோரு வருஷமாக அந்த மனிதர் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

அவள் கணவர் ஐயாதுரை அடுப்படிக்குள் தலையை நீட்டினார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்தவர். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை.

"ஏட்டி, உங்க ஏ.இ.ஓ. வந்திருக்காரு. கையில ஒரு பை மாம்பழம் வேற. பழத்தை வாங்கி வச்சுக்கிட்டு ஆளை மட்டும் திருப்பி அனுப்பவா?"

சும்மா இருங்கள் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு ஞானபாக்கியம் கையைக் கழுவினாள். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வந்திருந்தவர் சங்கரலிங்கம். ஒன்றியத்துப் பள்ளிகளையெல்லாம் மேற்பார்க்கிற உதவிக் கல்வி அலுவலர். ஆவாரங்குளம் நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியையான ஞானபாக்கியத்துக்கு மேலதிகாரி. ஆனால் அவள் நெஞ்சில் அந்தப் பெயர் இருந்த இடம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷத்து மாசி மாதத்துக்குப் போக வேண்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து மலைப்பக்கம் உள்ளே தள்ளிக் கிடந்தன இரண்டு ஊர்கள். ஒன்று ஆவாரங்குளம், மற்றது மேலக்கரைப்பட்டி. நடுவில் ஒரு கண்மாய். கரைமேல் நடந்தால் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் இரண்டு மைல். இரண்டிலும் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப்பள்ளி இருந்தது. மேலக்கரைப்பட்டிப் பள்ளி கல் கட்டடம். ஊர்க்காரர் ஒருவர் மில் வைத்துச் சம்பாதித்துக் கட்டிக் கொடுத்தது. கொடிக்கம்பம் உண்டு, வெண்கல மணி உண்டு, சுற்றுச்சுவர் உண்டு. ஆவாரங்குளத்துப் பள்ளிக்கு ஓட்டுக் கூரை. மணிக்குப் பதிலாகத் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. மழை வந்தால் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒன்றாகிவிடும்.

சம்பள நாளில் ஒன்றிய அலுவலகத்து வேப்பமரத்தடியில் தலைமையாசிரியர்கள் கூடும்போதெல்லாம் இந்த ஒப்பீடுதான் பேச்சு. யார் பள்ளிக்கு மச்சு, யார் பள்ளிக்கு ஓடு, எந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், எந்த ஊரில் சத்துணவுக் கூடம் ஒழுகும் என்று நெல்லைப் புடைப்பதுபோலப் புடைத்து எடுப்பார்கள். ஆவாரங்குளத்துப் பேர் வந்ததும் யாராவது ஒருவர், "அது பள்ளிக்கூடமா, பிள்ளைத்தொட்டில் கட்டுற இடமா?" என்று கேட்க, மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அதிலும் உண்மை இருந்தது. ஞானபாக்கியத்தின் பள்ளியில் வகுப்பறை விட்டத்தில் தொட்டில் தொங்கியது. அந்த ஊரில் பொம்பளைப் பிள்ளைகளைப் படிக்க விடாததற்குத் தாய்மார் சொன்ன ஒரே காரணம், கைக்குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான். தாய் களையெடுக்கப் போவாள், மூத்தவள் இளையதை இடுப்பில் வைத்திருப்பாள். ஞானபாக்கியம் ஒவ்வொரு வீடாகப் போய், "இடுப்புல இருக்கதையும் சேர்த்துக் கூட்டிட்டு வாட்டி" என்று சொல்லிக் கூட்டிவந்தாள். ஒரு கையில் தொட்டில் கயிறும் ஒரு கையில் பலப்பமுமாக அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். ஒன்றியத்து நடுநிலைப்பள்ளிகளிலேயே பையன்களைவிடப் பெண்பிள்ளைகள் அதிகமாக எட்டாம் வகுப்பைத் தொட்ட பள்ளி அதுதான். அந்தக் கணக்கை மட்டும் வேப்பமரத்தடியில் யாரும் பேசியதில்லை.

ஆனால் எட்டோடு எல்லாம் முடிந்தது. ஒன்பதுக்கு ராஜபாளையம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண்பிள்ளைகள் பருத்திக் காட்டுக்கும், பஞ்சு அரைக்கிற ஆலைக்கும், தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போனார்கள். வருஷா வருஷம் கோடை விடுமுறையில் தன் பிள்ளைகள் தலையில் பஞ்சுத் துணுக்கோடு எதிரே வருவதைப் பார்த்து ஞானபாக்கியம் வேறு தெருவில் திரும்பி நடப்பாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மலையோரத்து ஊர்களுக்கென்று ஒரே ஒரு நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளியாக ஆக்கப் போகிறார்கள். போட்டியில் நின்றவை ஆவாரங்குளமும் மேலக்கரைப்பட்டியும். மாவட்டக் கல்வி அலுவலர் நேரில் வந்து இரண்டையும் பார்ப்பார். வருகையையும் பார்ப்பார், பிள்ளைகளின் படிப்பையும் பார்ப்பார். திங்கட்கிழமை மேலக்கரைப்பட்டி. செவ்வாய்க்கிழமை ஆவாரங்குளம்.

ஊரே எழுந்து நின்றது. பட்டாளத்தில் ஐயாதுரையோடு இருந்த சங்கிலிப்பாண்டி, கண்மாயை ஒட்டிய தன் நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிக் கொடுத்தார். பொம்பளைகள் கூலி இல்லாமல் வந்து கல் பொறுக்கி மேடு தட்டினார்கள். அவர்களில் முன்னால் நின்றவள் சீனியம்மாள். பஞ்சாலையில் வேலை பார்த்து இருமி இருமிக் காய்ந்துபோன பொம்பளை. அவள் மகள் மாடத்தி எட்டாம் வகுப்பில் இருந்தாள்.

மாடத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கறுத்த, ஒல்லியான பிள்ளை. கேள்வி கேட்டு முடிக்குமுன் கை தூக்க மாட்டாள். முடித்த பிறகு செத்த நேரம் யோசித்துவிட்டுத்தான் தூக்குவாள். ஆனால் எழுந்து நின்று சொன்னால், புத்தகத்தில் இருப்பது அவள் வாயில் ஊர்ச் சமாச்சாரமாக ஆகிவிடும். ஞானபாக்கியத்துக்கு வீட்டில் பியூலா என்று சொந்த மகள் இருந்தாள். இருந்தும் இவளைப் பார்க்கும்போது மனதில் ஊறிய பெருமை, பெற்ற மகளிடம்கூட ஊறவில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இனிச் சொல்லப்போவது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். அந்த ஒன்றியத்துப் பள்ளிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மாசி மாதம் பருத்தியும் மிளகாயும் எடுக்கிற காலம். பாதிப் பிள்ளைகள் காட்டில் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனோ அப்போதுதான் வரும். தலையை எண்ணிப் பார்த்துக் குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். அதனால் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பிள்ளைகளை இரவல் கொடுத்துக்கொண்டார்கள். காட்டுக்குப் போன பிள்ளையின் பேரைக் கூப்பிட்டால் இரவல் பிள்ளை 'உள்ளேன் ஐயா' சொல்லும். அடுத்த நாள் சொந்தப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் இருந்தால், இரவல் போனவர்கள் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். வாய் திறந்து பேசி அதிகாரி கண்ணில் பட்ட பிள்ளை மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். முகம் தெரிந்துவிட்டால் இரண்டு பள்ளிக்காரர்களுக்கும் வேலை போகும்.

அதற்கு முந்தின வருஷம் சங்கரலிங்கம் அனுப்பிய இரவல் பிள்ளைகளால்தான் ஆவாரங்குளத்தில் தங்கபாய் டீச்சரின் வேலை பிழைத்தது. அந்தக் கடன் ஞானபாக்கியத்தின் தலையில் இருந்தது. சங்கரலிங்கம் அப்போது மேலக்கரைப்பட்டியில் தலைமையாசிரியர். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளைக் கண்மாய்க் கரையில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், வழக்கம்போலத்தான். திங்கக்கிழமைக்கு உங்க எட்டாம் வகுப்பு எனக்கு வேணும். செவ்வாக்கிழமை விடிஞ்சதும் எம் பிள்ளைய அம்புட்டும் உங்க பெஞ்சில உக்காந்திருக்கும். யாருக்கு ஐஸ்கூல் கிடைச்சாலும் படிக்கப் போறது நம்ம பிள்ளையதான."

பிறகு சைக்கிளில் ஏறப் போனவர் நின்று, அந்த மாடத்தியையும் மறக்காமல் அனுப்பச் சொன்னார்.

அன்று ராத்திரி ஐயாதுரை, எதிரிக்குத் துப்பாக்கியை இரவல் கொடுக்கிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். பட்டாளத்துப் புத்தி உங்களுக்கு, எங்கள் சர்வீஸில் வாக்குதான் பெரிது என்று ஞானபாக்கியம் சொன்னாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் நெஞ்சு மட்டுமே அறியும். தன் மாடத்தியை ஒரு பெரிய அதிகாரி பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வேறொரு பள்ளியில், வேறொரு பேரில் என்றாலும் பார்த்தால் போதும் என்று இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கண்மாய்க் கரையில் பிள்ளைகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தன. முன்னால் ஓடிவந்தவள் மாடத்தி. மூச்சு வாங்கியபடி சொன்னாள். மலையில் அத்தனை மேகம் நிற்கிறதே, ஆடி மாதத்தில் நம் ஊரில் ஏன் மழை இல்லை என்று அதிகாரி கேட்டாராம். யாரும் வாய் திறக்கவில்லையாம். இவள் எழுந்து, தென்மேற்கிலிருந்து வருகிற மேகம் மலைக்கு அந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது, நம்மிடம் வந்து சேர்வது வெறும் காற்று மட்டும், நமக்கென்று உள்ளது ஐப்பசியில் கிழக்கேயிருந்துதான் வர வேண்டும் என்று சொன்னாளாம். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினாராம். பேர் கேட்டாராம்.

"என்னட்டி பேர் சொன்ன?"

"பேச்சியம்மான்னுதான் டீச்சர். அந்தப் பிள்ளை மிளகாய்க் காட்டுக்குப் போயிருக்குல்ல."

ஞானபாக்கியம் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை தளர்வதற்குள் அவளுக்கு அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. நாளைக்கு நீ பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று சொன்னபோது பிள்ளையின் முகம் போன போக்கைச் சொல்ல வார்த்தை இல்லை. வாசலில் நின்று பார்க்கட்டுமா டீச்சர் என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றாள் ஞானபாக்கியம்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. மணி எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. கண்மாய்க் கரை வெறிச்சோடிக் கிடந்தது. தன் ஊர்ப் பிள்ளைகளைக் காட்டிலிருந்து கூட்டிவரலாம் என்றால் அதற்கும் நேரமில்லை. இரவல் பிள்ளைகளை நம்பி அவள் யாரையும் தடுத்து வைக்கவில்லை. ஒன்பதரைக்குச் சங்கரலிங்கத்திடமிருந்து ஆள் வந்தது. ஊரில் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்களாம், பிள்ளைகளை எல்லை தாண்ட விடமாட்டேன் என்கிறார்களாம், டீச்சர் மன்னிக்க வேண்டுமாம். அந்த ஆள் சைக்கிளைத் திருப்பும்போதே அதிகாரியின் ஜீப் தெரிந்தது.

பாதி பெஞ்சு காலி. விட்டத்தில் தொட்டில். அதிகாரி நேற்றுக் கேட்ட அதே மழைக் கேள்வியைக் கேட்டார். எழுந்த பிள்ளை அழுதுவிட்டது. தங்கபாய் டீச்சர் ஜன்னலோரம் நின்று மலையைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள், பயனில்லை. அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார், பக்கத்து ஊரில் பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை நேற்று மழையையே கையில் பிடித்துக் காட்டியது, உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே அம்மா என்று.

அந்தப் பிள்ளை என் பிள்ளை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் வேலை மட்டும் போகாது, தங்கபாயின் வேலையும் போகும், ஒன்றியத்தில் இரவல் கொடுத்த எத்தனையோ பேரின் அடுப்பு அணையும். ஞானபாக்கியம் அந்த வார்த்தையை விழுங்கினாள். விழுங்கியது இன்றுவரை செரிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், கண்மாய்க் கரைமேல் ஒரு சின்ன உருவம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

உயர்நிலைப்பள்ளி மேலக்கரைப்பட்டிக்குப் போயிற்று. சங்கரலிங்கத்துக்கு நல்லாசிரியர் பட்டம் வந்தது, பிறகு பதவி உயர்வு வந்தது, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு வந்தது. ஆவாரங்குளத்துப் பெண்பிள்ளைகள் சில பேர் ஒன்பதாம் வகுப்புக்குக் கரைமேல் நடந்து போய்ப் பார்த்தார்கள், மாடத்தியும் போனாள். கரையோரம் சாராயக்கடை. ஒருநாள் எவனோ ஒருவன் ஒரு பிள்ளையின் தாவணியைப் பிடித்து இழுத்தான். மறுநாள் முதல் ஒரு தாயும் மகளை அனுப்பவில்லை. சீனியம்மாள் பள்ளி வாசலில் வந்து நின்று, "அந்த ஐஸ்கூலு எம் பிள்ளை வாய் வாங்கிக் குடுத்தது டீச்சர். அதுக்குள்ள அவளுக்கு ஒரு இடம் இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாடத்தி தாய் வேலை பார்த்த பஞ்சாலைக்கே போனாள். பதினேழில் கல்யாணம், பத்தொன்பதில் ஒரு பெண்பிள்ளை. தாயின் இருமல் அவளுக்கும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், புருவமெல்லாம் பஞ்சாக, டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு நான் தெரியாதுன்னு சொல்லி உக்காந்திருந்தா, ஐஸ்கூலு நம்ம ஊருக்கே வந்திருக்குமோ?"

பஸ் வந்துவிட்டது. ஞானபாக்கியம் ஏறிக்கொண்டாள். அன்றைய ராத்திரி அவள் அழுத அழுகைக்கு ஐயாதுரைதான் சாட்சி.

அந்தச் சங்கரலிங்கம்தான் இப்போது, தொண்ணூற்றேழாம் வருஷத்து மே மாதத்தில், மாம்பழப் பையோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

தலை வெளுத்திருந்தது. மாச முடிவில் ஓய்வு பெறுகிறார். மேலக்கரைப்பட்டியில் பாராட்டு விழா வைக்கிறார்களாம். சம்பிரதாயமாக உடம்பு, மழை, வெயில் எல்லாம் விசாரித்தார். பியூலா மதுரையில் நர்ஸாக இருக்கிறாளே, லீவில் வந்திருக்கிறாளோ என்று கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம், என்ன லட்சணமாக வளர்ந்துவிட்டது பிள்ளை என்றார். அவள் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருக்கிறாள் என்று ஐயாதுரை சொன்னார்.

"சார்வாள் மாம்பழத்தைச் சுமந்துக்கிட்டு வந்த காரியத்தைச் சொன்னா நல்லது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். விழாவுக்கு அந்தப் பழைய மாவட்டக் கல்வி அலுவலர் வருகிறார். ரிட்டயர்டாகி மெட்ராஸில் இருக்கிறவர். மேலக்கரைப்பட்டி என்றால் அவருக்கு ஒரே நினைவு, அந்த மழைப் பிள்ளை. வருஷா வருஷம் பொங்கல் வாழ்த்துப் போடும்போதெல்லாம் பேச்சியம்மாள் என்ன செய்கிறாள் என்று கேட்பாராம். ஒன்பதில் சேர்ந்தாள் என்று ஆரம்பித்தார் சங்கரலிங்கம். பிறகு பத்தில் பாஸ் என்றார். பன்னிரண்டு முடித்தாள் என்றார். நர்ஸ் படிக்கிறாள் என்றார். இப்போது மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை என்பதுவரை சொல்லியாகிவிட்டது.

"மேடையில அந்தப் பிள்ளைக்குத் தன் கையால பொன்னாடை போடணும்ங்காரு டீச்சர். நான் என்ன செய்வேன்? பியூலா ஒரு அஞ்சு நிமிஷம் பேச்சியம்மான்னு சொல்லி வந்து நின்னாப் போதும். அவருக்கு முகமா ஞாபகம் இருக்கப் போகுது? நமக்குள்ள இது புதுசா என்ன?"

ஐயாதுரை எழுந்துவிட்டார். ஞானபாக்கியம் அவர் கையைத் தொட்டு உட்கார வைத்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சங்கரலிங்கம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். அவளுக்குத் தெரியாததில்லையே, இந்த வருஷமும் ஒரு நடுநிலைப்பள்ளியை உயர்த்தப் போகிறார்கள். ஒன்றியத்துப் பள்ளிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது தகுதி என்று எழுதி அனுப்ப வேண்டியவர் அவர்தான். ஓய்வு பெறுமுன் அவர் செய்யப் போகிற கடைசிக் காரியம் அது. ஆவாரங்குளம் என்று எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

காப்பி கொண்டுவருகிறேன் என்று ஞானபாக்கியம் உள்ளே போனாள். பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றாள். அவள் கண்ணுக்குள் வந்தது மாடத்தியின் மகள். வரும் ஜூனில் முதல் வகுப்பில் சேரப்போகிற ஐந்து வயதுப் பிள்ளை. அதே கறுப்பு, அதே ஒல்லி. தாய்க்கு இருமல் வந்தால் முதுகைத் தடவிவிடப் பழகிய கை. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் வரப்போகிற பிள்ளைகள். என் மானம் என்ன பெரிய மானம் என்று அவள் நினைத்தாள். பெற்ற மகளைப் பொய்ப் பேரில் மேடையேற்றினால்தான் இந்த ஊருக்கு ஒன்பதாம் வகுப்பு வரும் என்றால் ஏற்றிவிடலாம். பியூலாவின் காலில் விழுந்தாவது சம்மதிக்க வைக்கலாம். எந்த மனிதரின் பேரைக் கேட்டாலே வாய் கசந்ததோ அந்த மனிதருக்குக் காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கியபோது அவள் கண்ணீர் தம்ளருக்குள் விழுந்ததோ என்னவோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பியூலாவை அனுப்புதேன் சார்."

ஐயாதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில உங்க ஆபீசுக்கு வாரேன். ஆவாரங்குளம்னு என் கண்ணு முன்னால எழுதி, என் கண்ணு முன்னால தபால்ல சேருங்க. பொறவு பிள்ளை உங்க மேடையில நிக்கும். ஒரு தடவை நான் முதல்ல குடுத்தேன். இந்தத் தடவை நீங்க முதல்ல குடுங்க."

சங்கரலிங்கம் காப்பியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். மாம்பழப் பையின் காதைச் சரிசெய்தார்.

"சார்?"

"அது வந்து... டீச்சர். அது போன வாரமே போயிட்டு."

"எந்த ஊரு பேர்ல?"

அவர் மேற்கே ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள் என்றார். தன் கையில் என்ன இருக்கிறது என்றார். இருந்தாலும் விழாவில் பெரிய மனிதர்கள் வருவார்கள், ஒரு வார்த்தை வாயால் சொல்லி வைக்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துகொண்டிருந்தது.

ஐயாதுரை சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "காப்புக் கட்டியாச்சா சார்வாள்?" என்று மட்டும் கேட்டார்.

ஞானபாக்கியம் சுவரில் சாய்ந்து நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பதினோரு வருஷமாகக் கோபத்தை ஊட்டி ஊட்டி வளர்த்ததெல்லாம் இந்த ஒரு மனிதருக்காகவா என்று அலுப்புத்தான் வந்தது. சற்று முன்னால் மகளை விற்கத் துணிந்தாளே, வாங்க வந்தவரிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை. அந்த வெட்கம் மீன் வாடைபோல அவள்மேலேயே நின்றது.

"பியூலா வர மாட்டா சார்" என்றாள்.

"அப்ப அவர்ட்ட நான் என்னன்னு சொல்ல? மெட்ராஸ்லயிருந்து வாராரு மனுஷன். பேச்சியம்மா எங்கன்னு மேடையில வச்சுக் கேட்டா?"

ஞானபாக்கியம் அவரை நேராகப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் பஞ்சு படிந்த அந்தப் புருவம் அவள் முன்னால் நின்றது. அவள் குரல் உயரவில்லை.

"செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. எட்டாம் வகுப்பு முடிச்ச வருஷமே அந்தப் பிள்ளை செத்துப்போச்சு. அதுக்கு மேல அது உயிரோட இருந்ததா நீங்க எழுதுனதெல்லாந்தான் பொய்."

தலை கவிழ்வார் என்று அவள் நினைத்தாள். கண் கலங்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பாழும் மனசுக்கு அப்போதும் ஒரு நப்பாசை.

சங்கரலிங்கம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"எட்டாம் வகுப்புன்னா சரிப்படாது டீச்சர். நர்ஸ் வேலை வரைக்கும் சொல்லியாச்சுல்லா. போன மாசம்னு வச்சுக்கிடுவோம். பஸ் ஆக்சிடென்ட். மதுரை ரோட்டுல. எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம். அவருக்கும் மனசு ஆறும்." அவர் காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"யோவ், அசல் பேச்சியம்மா பஜார்ல உசிரோட கருவாடு வித்துக்கிட்டிருக்காய்யா" என்றார் ஐயாதுரை.

"அவ விழாவுக்கு வர மாட்டா அண்ணாச்சி" என்றார் சங்கரலிங்கம். அதையும் அவர் யோசித்துவிட்டிருந்தார்.

எழுந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். டீச்சரும் அண்ணாச்சியும் விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும், முன்வரிசையில் இடம் போட்டு வைப்பதாகச் சொன்னார். மாம்பழத்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார் ஐயாதுரை. அது பிள்ளைக்கு வாங்கியது, இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். படியிறங்கும்போது வந்தபோது இருந்ததைவிட நடை லேசாகியிருந்தது. தெருமுனைவரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானபாக்கியம் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.